ரெசுமேயும் கவர் லெற்றரும்: உண்மையை எழுதுங்கள், எல்லாவற்றையும் எழுதாதீர்கள்



சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி எங்கள் அலுவலகத்திற்கு வந்தார். வேர்க் பெர்மிட் கைக்குக் கிடைத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. கையில் அழகாக அச்சடித்த இரண்டு பக்க ரெசுமே. 150 டொலர் கொடுத்து ஒருவரிடம் எழுதுவித்தாராம். வாசித்துப் பார்த்தேன். மிசிசாகாவில் ஒரு வெயர்ஹவுஸில் இரண்டு வருடம் வேலை செய்ததாக அதில் இருந்தது. தம்பி கனடாவில் வந்திறங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை.

"இது ஆருடைய ரெசுமே தம்பி?" என்று கேட்டேன்.

"கனடா எக்ஸ்பீரியன்ஸ் இல்லாட்டி ஒருத்தரும் கூப்பிட மாட்டினம் எண்டு அவர்தான் போட்டவர், ரீச்சர்."

"ஊரில என்ன செய்தனீங்கள்?"

"கிளிநொச்சியில பலசரக்குக் கடை வைச்சிருந்தனான். ஆனா அது வேலை இல்லையே, எங்கட சொந்தக் கடைதானே."

ஒன்பது வருடம் கடை நடத்திய மனிதர். மூட்டை இறக்கியிருக்கிறார், சரக்கு எண்ணியிருக்கிறார், கணக்குப் பார்த்திருக்கிறார், கடனுக்கு வந்தவர்களைச் சமாளித்திருக்கிறார். அதில் ஒரு வரிகூட அந்த ரெசுமேயில் இல்லை. செய்யாத வேலை இருந்தது, செய்த வேலை இல்லை. புதிதாக வருபவர்களில் அநேகமானவர்கள் விடுகிற பிழை இதுதான். ஆகவே இந்த மடலில் ஒன்ராறியோவில் வேலைக்கு விண்ணப்பிக்க ரெசுமேயும் கவர் லெற்றரும் எப்படி எழுதுவது, அகதிக் கோரிக்கை வைத்திருக்கும் நாங்கள் அதில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லாமல் விடலாம் என்பதைப் பார்ப்போம்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

அகதிக் கோரிக்கை வைத்தவர்கள் மருத்துவப் பரிசோதனையை முடித்து வேர்க் பெர்மிட் பெறலாம். இதற்குக் கட்டணம் இல்லை. பொதுவாக இது திறந்த பெர்மிட், அதாவது ஒரே முதலாளியிடம்தான் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு கிடையாது. ஆனாலும் பெர்மிட்டில் நிபந்தனை ஏதாவது அச்சிடப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் வாசியுங்கள். சிலருடைய பெர்மிட்டில் பிள்ளைப் பராமரிப்பு, பாடசாலை, சுகாதார சேவை ஆகிய வேலைகள் செய்யக்கூடாது என்று இருக்கும். அப்படி இருந்தால் அந்த வேலைகளுக்கு விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்தது சின் நம்பர். சேர்விஸ் கனடா அலுவலகத்தில் இலவசமாகத் தருவார்கள். எங்களுடைய நம்பர் 9 இல் தொடங்கும். அதற்கு முடிவுத் திகதியும் உண்டு. பெர்மிட்டைப் புதுப்பித்தால் சின் பதிவையும் புதுப்பிக்க வேண்டும்.

பெர்மிட் வரும் வரைக்கும் சும்மா இருக்காமல் ரெசுமேயை ஆயத்தப்படுத்தி வையுங்கள். ஆனால் பெர்மிட் வருமுன் வேலைக்குப் போக வேண்டாம்.

ஊர் 'பயோடேற்றா' இங்கே சரிவராது

நான் இங்கே வந்து முதன்முதல் எழுதிய ரெசுமேயை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். தகப்பன் பெயர், பிறந்த திகதி, சமயம், திருமணமானவர், அடையாள அட்டை இலக்கம், மேல் மூலையில் ஒரு படம். ஊரில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தபோது எழுதிய அதே ஒழுங்கு. இங்கே அவை ஒன்றும் தேவையில்லை. தேவையில்லை என்பது மட்டுமல்ல, எழுதவும் கூடாது.

ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டப்படி இனம், பிறந்த இடம், சமயம், வயது, குடும்ப நிலை, குடியுரிமை போன்றவற்றை வைத்து வேலை கொடுப்பதில் பாகுபாடு காட்ட முடியாது. ஆகவே முதலாளிமார் இந்த விபரங்களை ரெசுமேயில் பார்க்கவே விரும்புவதில்லை.

ரெசுமேயில் எழுதக் கூடாதவை இவை:

1. படம், வயது, பிறந்த திகதி, சமயம், சாதி, திருமண விபரம், பிள்ளைகள் எத்தனை பேர்.
2. சின் நம்பர், பாஸ்போர்ட் இலக்கம், ஊர் அடையாள அட்டை இலக்கம். சின் நம்பரை வேலைக்கு எடுத்த பிறகுதான் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்திலேயே கேட்டால் கொடுக்காதீர்கள். களவாக உங்கள் பெயரில் கடன் எடுக்க அதைப் பயன்படுத்தலாம்.
3. அகதி என்ற விபரம். "லீகலி என்ரைரில்ட் ரு வேர்க் இன் கனடா?" என்று விண்ணப்பப் படிவத்தில் கேட்பார்கள். சட்டப்படி வேலை செய்ய அனுமதி உண்டா என்பதுதான் கேள்வி. பெர்மிட் இருந்தால் 'ஆம்' என்று பதில் கொடுங்கள். அதற்கு மேல் ரெசுமேயில் விளக்கம் வேண்டாம்.

எழுதும் ஒழுங்கு

ஒரு பக்கம் போதும். அனுபவம் அதிகம் என்றால் இரண்டு பக்கம். அதற்கு மேல் போக வேண்டாம்.

முதலில் பெயர். எங்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. தகப்பன் பெயரை முன்னுக்கு எழுதிப் பழகியவர்கள் நாங்கள். அப்படியே எழுதினால் கம்பெனியில் இருந்து தகப்பன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பெர்மிட்டில் எது குடும்பப் பெயர், எது சொந்தப் பெயர் என்று போட்டிருக்கிறதோ அதைப் பார்த்து, சொந்தப் பெயரை முதலிலும் குடும்பப் பெயரைக் கடைசியிலும் எழுதுங்கள். நீளமான பெயரைச் சுருக்கி எழுதலாம். ஆனால் வேலைக்கு எடுத்ததும் பெர்மிட்டில் உள்ள முழுப் பெயரைக் கொடுக்க வேண்டும்.

பெயருக்குக் கீழே தொலைபேசி இலக்கம், ஈமெயில், இருக்கும் நகரம். ஈமெயில் முகவரி உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். நடிகர் பெயரிலும் செல்லப் பெயரிலும் வேண்டாம். தொலைபேசியில் வொயிஸ் மெயில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கூப்பிட்டு, ஆள் கிடைக்காமல் அடுத்தவரிடம் போய்விடுவார்கள்.

பிறகு இரண்டு மூன்று வரியில் நீங்கள் யார், என்ன வேலை தெரியும் என்ற சுருக்கம். அதன் கீழே வேலை அனுபவம், கடைசியாகச் செய்தது முதலில். ஒவ்வொன்றுக்கும் பதவி, இடம், நாடு, தொடங்கிய மாதமும் வருடமும், முடிந்த மாதமும் வருடமும். அதன் பிறகு படிப்பு. ஓ.எல்., ஏ.எல். என்று மட்டும் எழுதினால் இங்கே பலருக்கு விளங்காது. ஓ.எல். என்றால் 11 ஆம் வகுப்பு முடிவில் எழுதும் தேசியப் பரீட்சை, ஏ.எல். என்றால் 13 ஆம் வகுப்பு முடிவில் எழுதுவது என்று ஒரு சொல் சேர்த்து விடுங்கள். கடைசியாகத் தெரிந்த மொழிகள், எடுத்த சான்றிதழ்கள், லைசென்ஸ். தமிழோடு சிங்களமும் தெரியும் என்றால் இரண்டையும் போடுங்கள்.

தாதி, ஆசிரியர், எலெக்ரீசியன் போன்ற வேலைகளுக்கு இங்கே தனியான பதிவு வேண்டும். பதிவு கிடைக்கும் முன் அந்தப் பதவிப் பெயரை இங்கத்தைய தகுதி போல எழுதக் கூடாது. "இலங்கையில் ஆசிரியராகப் பணியாற்றியவர்" என்று எழுதலாம். அது உண்மை.

சொந்தக் கடையும் வேலைதான்

எங்கள் ஆட்களுக்குத் தங்களைப் பற்றிச் சொல்லக் கூச்சம். நிறைகுடம் தளம்பாது என்று வளர்ந்தவர்கள். ஆனால் ரெசுமேயில் அந்தக் கூச்சம் உதவாது. அதற்காகப் பெருமை அடிக்கவும் தேவையில்லை. என்ன செய்தேன், எவ்வளவு செய்தேன், எதனால் செய்தேன் என்ற மூன்றையும் எழுதினால் போதும்.

"கடை வைத்திருந்தேன்" என்பது ஒன்றும் சொல்லாத வசனம். அதையே இப்படிப் பிரித்து எழுதலாம்:

- 9 வருடம் பலசரக்குக் கடை நடத்தினேன், இரண்டு பணியாளர்களை மேற்பார்வை செய்தேன்.
- சுமார் 400 வகைப் பொருட்களின் இருப்பை வாரந்தோறும் எண்ணிப் பதிவு செய்தேன்.
- மொத்த வியாபாரிகளிடம் பொருள் வாங்கி, இறக்கி, அடுக்கினேன். 50 கிலோ மூட்டை தூக்கிப் பழக்கம் உண்டு.
- நாளாந்தப் பணக் கணக்கைத் தனியாகப் பார்த்தேன்.

இதே ஆளைத்தான் வெயர்ஹவுஸும் தேடுகிறது, சுப்பர் மார்க்கெற்றும் தேடுகிறது. இப்போது பொய்யான மிசிசாகா வேலை எதற்கு?

இன்னும் சில உதாரணங்கள். தமிழ்நாட்டு முகாமில் இருந்துகொண்டு பெயின்ற் அடிக்கப் போனவர்கள் பலர். வீடா, தொழிற்சாலையா, எத்தனை மாடி, சாரம் கட்டி வேலை செய்தீர்களா என்று எழுதுங்கள். வீட்டில் இருந்து தைத்துக் கொடுத்த அக்காமார், எந்த மெசின், வாரத்திற்கு எத்தனை உடுப்பு என்று எழுதுங்கள். கோவில் அன்னதானத்திற்கு 200 பேருக்குச் சமைத்தவருக்குப் பெரிய சமையலறை வேலை புதிதல்ல. அதைத் தொண்டு வேலை என்ற தலைப்பில் போடலாம். வீட்டில் படுக்கையில் இருந்த தாயை மூன்று வருடம் பார்த்ததும் பராமரிப்பு அனுபவம்தான்.

எண்களைக் கூட்டிப் போடாதீர்கள். 40 பேருக்குச் சமைத்தால் 40 என்றே எழுதுங்கள். இன்ரவியூவில் கேட்கப்போவது அந்த எண்ணைப் பற்றித்தான்.

வேலை விளம்பரத்தில் என்ன சொற்கள் இருக்கின்றன என்று பார்த்து, உங்களுக்குப் பொருந்தும் சொற்களை ரெசுமேயிலும் பயன்படுத்துங்கள். பெரிய கம்பெனிகள் பல, ரெசுமேகளை முதலில் கொம்பியூட்டரால் தேடிப் பார்க்கின்றன. கட்டம், படம், அலங்காரம் இருந்தால் அது சரியாக வாசிக்காமல் விடலாம். அரசாங்கத்தின் ஜொப் பேங்க் இணையத்தில் ஒவ்வொரு வேலைக்கும் என்னென்ன கடமைகள் என்று எளிய ஆங்கிலத்தில் இருக்கிறது. சொற்கள் தேட நல்ல இடம்.

இடையில் விடுபட்ட வருடங்கள்

எங்களில் பலருக்கு இது மனதை உறுத்தும் விடயம். ஒளிந்திருந்த காலம், தடுப்பில் இருந்த காலம், இன்னொரு நாட்டில் வழி பார்த்துக் காத்திருந்த காலம். ரெசுமேயில் அந்த இடத்தை என்ன செய்வது?

வெறுமையாக விடுங்கள். அங்கே பொய்யான வேலை ஒன்றை நிரப்பாதீர்கள். உங்களுக்கு நடந்ததையும் எழுதாதீர்கள். ரெசுமே உங்கள் வாழ்க்கை வரலாறு அல்ல. அதை வாசிப்பவர் உங்கள் துயரத்தை அறிய உரித்துடையவரும் அல்ல.

இன்ரவியூவில் "இந்த இரண்டு வருடமும் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், "நாட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. இப்போது இங்கே வேலை செய்ய அனுமதி இருக்கிறது. தொடங்க ஆயத்தமாக இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். மூன்று வசனம், மூன்றும் உண்மை. இதை ஆங்கிலத்தில் வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். சொல்லும்போது குரல் தழும்பினால் அதில் வெட்கமில்லை. பழகப் பழகச் சரிவரும்.

உங்கள் வழக்கும் உங்கள் ரெசுமேயும்

இது மற்ற ரெசுமே வகுப்புகளில் சொல்லித் தராத விடயம். கவனமாக வாசியுங்கள்.

கோரிக்கை வைக்கும்போது கடந்த 10 வருடங்களில் எங்கே இருந்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள் என்று படிவங்களில் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். உங்கள் வழக்கு விசாரணையில் பெரிதும் பார்க்கப்படுவது நீங்கள் சொல்வதை நம்பலாமா என்பது. படிவத்தில் 2021 வரை கடை, ரெசுமேயில் 2023 வரை கடை என்று இருந்தால், அந்த ரெசுமே ஒருநாள் யாருடைய கையிலாவது கிடைத்தால் விளக்கம் சொல்ல வேண்டி வரும். இரண்டு வருடத்தை நிரப்பப் போய் வழக்கையே பலவீனப்படுத்திக் கொள்ளலாமா? ஆகவே ரெசுமே எழுத உட்காரும்போது, படிவங்களின் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திகதிகளைப் பார்த்து எழுதுங்கள். படிவத்தில்தான் பிழை என்று கண்டால் மறைக்காமல் உடனே லோயரிடம் சொல்லித் திருத்துங்கள்.

இன்னும் நாலு எச்சரிக்கைகள்:

முதலாவது, ஊரில் இருக்கும் பழைய முதலாளியின் பெயரையும் தொலைபேசியையும் யோசியாமல் கொடுக்காதீர்கள். இங்கிருந்து ஒருவர் அங்கே அழைத்தால் நீங்கள் கனடாவில் இருக்கும் விடயம் அங்கே தெரிந்துவிடும். உங்களைத் தேடுபவர்கள் இருந்தால் அது உங்கள் குடும்பத்திற்குக் கரைச்சல். சிபாரிசுக்கு இங்கே உள்ள ஒருவரைத் தேடுங்கள். ஆங்கில வகுப்பு ஆசிரியர், தொண்டு செய்யும் இடத்தின் பொறுப்பாளர் போன்றவர்கள் போதும்.

இரண்டாவது, சான்றிதழ்கள் கையில் இல்லை என்பதற்காக இலங்கைத் தூதரகத்திற்கோ அங்குள்ள திணைக்களங்களுக்கோ நீங்களாகப் போய்த் தொடர்புகொள்ளாதீர்கள். எந்த அரசாங்கத்திடம் இருந்து பாதுகாப்புக் கேட்கிறீர்களோ அதனிடமே போனால் விசாரணையில் ஏன் என்று கேட்பார்கள். முதலில் லோயரிடம் கேளுங்கள்.

மூன்றாவது, அரசியல் சார்ந்த அமைப்புகளின் பெயர்களை ரெசுமேயில் போட வேண்டாம். 2009 க்கு முன் வன்னியில் செய்த வேலைகளைப் பற்றி லோயரிடம் ஒன்றும் விடாமல் சொல்லுங்கள். ரெசுமேக்குக் கடந்த 10 வருட வேலைகளே போதும்.

நாலாவது, எல்லோரும் பார்க்கக்கூடிய இணையப் பக்கங்களில் உங்கள் படம், தொலைபேசி, முகவரியோடு ரெசுமேயைப் போடாதீர்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் இடத்திற்கு நேரடியாக அனுப்புங்கள்.

கவர் லெற்றர்: இரந்து கேட்கும் கடிதம் அல்ல

ஊரில் விண்ணப்பக் கடிதம் எழுதப் படிப்பித்தவள் நான். "மாட்சிமை தங்கிய ஐயா" என்று தொடங்கி, "தயவுகூர்ந்து" என்று நடுவில் வந்து, கீழ்ப்படிவோடு முடிக்கும் பழக்கம் எங்களுக்கு. இங்கே வந்து எழுதும் கடிதங்களிலும் "எனக்கு மனைவி, மூன்று பிள்ளைகள், மிகவும் கஷ்டம், எந்த வேலை என்றாலும் செய்வேன்" என்று எழுதுகிறார்கள். வாசிக்க எனக்கு நெஞ்சு வலிக்கும். ஆனால் முதலாளி தேடுவது அந்த வேலைக்குப் பொருத்தமான ஆளை. எந்த வேலையும் செய்வேன் என்று எழுதினால், எந்த வேலை தெரியும் என்பது அவருக்கு விளங்காது.

கவர் லெற்றர் ஒரு பக்கத்திற்குள், மூன்று பந்தி. முதல் பந்தியில் எந்த வேலை, எங்கே விளம்பரம் பார்த்தீர்கள். இரண்டாவதில் அவர்கள் கேட்பவற்றில் உங்களிடம் இருக்கும் இரண்டு மூன்று விடயங்கள், உதாரணத்தோடு. மூன்றாவதில் எப்போது தொடங்கலாம், எப்படித் தொடர்புகொள்ளலாம். அந்தத் தம்பி ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தின் சாரம் இதுதான்:

"உங்கள் வெயர்ஹவுஸில் பொருள் பெற்று அடுக்கும் வேலைக்கு ஆள் தேவை என்று ஜொப் பேங்கில் பார்த்தேன். அந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறேன்.

இலங்கையில் 9 வருடம் பலசரக்குக் கடை நடத்தினேன். சரக்கைச் சரிபார்த்துப் பெறுவது, எண்ணிப் பதிவது, பழுதாகும் பொருளை முதலில் விற்கும்படி அடுக்குவது என் நாளாந்த வேலை. பாரம் தூக்கிப் பழக்கம் உண்டு. காலை 5 மணிக்குக் கடை திறந்து பழகியவன், அதனால் அதிகாலை ஷிப்ட் எனக்குப் பிரச்சினை இல்லை.

கனடாவில் வேலை செய்ய அனுமதி உண்டு. உடனே தொடங்கலாம். மேலுள்ள இலக்கத்தில் என்னை எந்த நேரமும் அழைக்கலாம். நன்றி."

இதில் கெஞ்சலும் இல்லை, பொய்யும் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் நடுப் பந்தியை மாற்றி எழுதுங்கள். எல்லா இடத்திற்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும். கம்பெனிப் பெயரை மாற்ற மறக்காதீர்கள்.

இப்போது கொம்பியூட்டரில் செயற்கை அறிவு மென்பொருள்களும் கடிதம் எழுதித் தருகின்றன. ஆங்கிலம் திருத்த உதவிக்கு எடுக்கலாம். ஆனால் உங்கள் வழக்கு விபரங்களை அதில் கொட்டாதீர்கள். உங்கள் வாயால் சொல்ல வராத சொல்லைக் கடிதத்தில் விடாதீர்கள். இன்ரவியூவில் பேசப்போவது நீங்கள்தான்.

தெரிந்திருக்க வேண்டிய உரிமைகள்

"கனடா எக்ஸ்பீரியன்ஸ்" கேட்பது பற்றி. அனுபவம் கனடாவில் பெற்றதாக இருக்க வேண்டும் என்று கேட்பது மேலோட்டமாகப் பார்த்தாலே பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013 இல் சொல்லிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒன்ராறியோ நிறுவனங்கள் பொதுவில் வெளியிடும் வேலை விளம்பரங்களில் கனடா அனுபவத்தைத் தகுதியாகக் கேட்கக் கூடாது என்பது சட்டம். சம்பளம் எவ்வளவு என்பதையும் விளம்பரத்தில் போட வேண்டும். எல்லா முதலாளிமாரும் ஒரே நாளில் மாறிவிட மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் இல்லாத அனுபவத்தை எழுதும் அவசியம் உங்களுக்கு இல்லை.

பணம் கேட்பவர்கள் பற்றி. ஒன்ராறியோவில் தற்காலிக வேலை ஏஜென்சி ஒன்று, வேலை எடுத்துத் தருவதற்கோ, தன் பணியாளருக்கு ரெசுமே எழுத உதவுவதற்கோ, இன்ரவியூவுக்குப் பழக்குவதற்கோ பணம் வாங்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் இந்த ஏஜென்சிகளுக்கு லைசென்சும் கட்டாயம். "பதிவுக் கட்டணம்" என்று கேட்டால் கொடுக்காமல் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.

அனுப்பும் முன்

- எழுத்துப் பிழை பார்க்க வேறொருவரிடம் கொடுங்கள். தொலைபேசி இலக்கத்தை நீங்களே இரண்டு தரம் பாருங்கள்.
- பெயரோடு பி.டி.எப். ஆகச் சேமியுங்கள், விளம்பரத்தில் வேறு விதமாகக் கேட்டிருந்தால் அப்படி.
- எந்த இடத்திற்கு, எந்தத் திகதியில், எந்த ரெசுமே அனுப்பினீர்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.
- வீட்டில் கொம்பியூட்டர் இல்லாதவர்கள் ரொறன்ரோ பொது நூலகத்தின் எந்தக் கிளையிலும் இலவசமாகப் பாவிக்கலாம்.

முப்பது இடத்திற்கு அனுப்பி இரண்டு இடத்தில் இருந்து பதில் வந்தாலும் மனம் தளராதீர்கள். பதில் வராதது உங்கள் மதிப்பைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

அந்தத் தம்பியின் 150 டொலர் ரெசுமேயைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு மணித்தியாலம் இருந்து புதிதாக எழுதினோம். எழுதி முடித்து ஒரு தரம் வாசித்துப் பார்த்தவர், "இவ்வளவு வேலையும் நான்தானே செய்தனான், ரீச்சர்" என்றார். பிறகு மூன்று இன்ரவியூவுக்குப் போனார். மூன்றாவது இடத்தில் எடுத்தார்கள். அங்கே கடையைப் பற்றித்தான் கால் மணித்தியாலம் கேட்டார்களாம். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தெரிந்திருந்தது, ஏனென்றால் அது அவருடைய கடை.

உங்கள் ரெசுமேயை எழுதிக்கொண்டு எங்கள் அலுவலகத்திற்கு வாருங்கள். தமிழில் எழுதிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை. இருந்து சேர்ந்து ஆங்கிலத்தில் ஆக்குவோம். வரும்போது படிவங்களின் பிரதியையும் கொண்டுவர மறக்க வேண்டாம்.